யாரும் என் பிள்ளைக்குச் சோறு போடாதீர்கள்

எங்கள் தெருவில் ஒரே ஒரு கெட்டவள் இருந்தாள், அது நான். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தப்பட்டும் சொல்லவில்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாவு மில்லைத் தாண்டி உள்ளே வந்தால் இருபது வீடுகள். அதில் பத்தொன்பது வீட்டுப் பெண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. எண்பதுகளின் நடுவில், ஐந்து மாதம். அந்தப் பத்தொன்பது பேரும் நல்லவர்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்ததுதான் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

கல்யாணமாகிப் பதினொரு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு மடத்திலிருந்து பெண் குழந்தை ஒன்றைக் கூட்டி வந்தோம். தத்து எடுத்தோம் என்று சொல்ல முடியாது. நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் அந்த நாளில் சட்டம் எங்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. கோர்ட்டில் மனு போட்டால் 'கார்டியன்' என்று ஒரு பேப்பர் கிடைக்கும், அவ்வளவுதான். மனு போடும் முன்னால் பிள்ளை மே மாதம் வரை, கிட்டத்தட்ட ஒரு வருஷம், எங்களோடு இருந்து பார்க்கட்டும் என்றார் மடத்து மதர்.

"ஒத்துப் போகலைன்னா திருப்பிக் கொண்டாந்து விட்டுடுங்க. நாங்க தப்பா நினைக்க மாட்டோம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். கடையில் எடுத்த புடவைக்குக்கூட இந்த வசதி கிடையாது என்று பஸ்ஸில் வரும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

குழந்தைக்கு ஐந்து வயது. வீட்டுக்குள் கால் வைத்ததும் என்னைப் பார்த்து "அம்மா" என்றாள். நான் அழுதுவிட்டேன். பதினொரு வருஷமாகக் காத்திருந்த சொல் அது, அழாமல் என்ன செய்வது? அரை மணி நேரம் கழித்துப் பிள்ளையைப் பார்க்க எதிர்வீட்டக்கா வந்தாள். அவளையும் "அம்மா" என்றாள். கீரைக்காரி வந்தாள், அவளும் அம்மா. ரேஷன் கடையில் எடை போடுகிறவரின் மனைவி வந்தாள், அவளும் அம்மா. அன்று விளக்கு வைப்பதற்குள் தெருவில் அவளுக்கு ஏழு அம்மாக்கள் ஆகிவிட்டார்கள்.

எதிர்வீட்டக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான்கு பிள்ளைகள், ஒரு பசு மாடு, அம்பத்தூரில் லேத்துப் பட்டறைக்குப் போகும் புருஷன். அவளுடைய அப்பா தலைமுறை வரைக்கும் குத்தம்பாக்கம் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவள்தான் முதலில் போய் நிற்பாள், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும். பிள்ளை போய் மடியில் ஏறியதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னாமே, கொயந்த இவ்ளோ பாசமா கீது! எங்கூட்டுப் பசங்க கூட இப்டி ஒட்டாதுங்க. நீ குட்த்து வெச்சவ போ!"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாதம் நினைத்தேன்.

பிறகுதான் கவனித்தேன். விழுந்தால் அழமாட்டாள். ஊசி போட்டால் அழமாட்டாள். நான் வேலைக்குப் புறப்பட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள், வந்தால் ஓடி வரமாட்டாள். என்னிடம் வரவே மாட்டாள் என்றில்லை. கீரைக்காரியிடம் போவது போல என்னிடமும் வருவாள், அதே சிரிப்போடு. அந்தச் சிரிப்பு காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே அளவில் இருக்கும். காலையில் எங்கள் வீட்டில் மூன்று இட்லி தின்றுவிட்டு, எதிர்வீட்டில் பசிக்கிறது என்று சொல்லிப் பழைய சோறு வாங்கித் தின்பாள், அடுத்த வீட்டில் உப்புமா. தலையணை உறையைத் துவைக்கக் கழற்றினால் உள்ளே இருந்து காய்ந்த இட்லி விழும். தெருவில் என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு வயிறார போட மாட்டியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரித்துக்கொண்டு கேட்டாலும் அது கேள்விதான்.

எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. இதை எழுதக் கூடாது என்பார்கள், எழுதுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளை மேல் எனக்கு வெறுப்பு வந்தது. மாமியார் மேல், ஆபீஸில் மேலதிகாரி மேல் வருமே, அந்த மாதிரியான நிஜமான வெறுப்பு.

ஒருநாள் என் பவுடர் டப்பாவைத் தரையில் கொட்டிக் கோலம் போட்டு வைத்திருந்தாள். நான் கத்தினேன். "இன்னொரு தடவ இப்படிப் பண்ணினா மடத்துக்கே கொண்டு போய் விட்டுடுவேன்!"

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் ஒரு பேச்சா? போலீஸ்காரனிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன், குடுகுடுப்பைக்காரனிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லாமல் பிள்ளை வளர்த்தவள் யார்? பிள்ளைகள் வீல் என்று அழுது காலைக் கட்டிக்கொள்ளும், நாமும் சமாதானமாவோம். இவள் உள்ளே போனாள். ஒயர் கூடையில் இரண்டு கவுனை மடித்து வைத்தாள், சோப்பு டப்பாவை வைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பம்மா போலாம்?" என்று கேட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அன்றுதான் அவளை முதல்முறையாக அடித்தேன். அடியையும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள்.

என் நாத்தனார் அம்பத்தூரில் இருந்தாள். எல்லாவற்றுக்கும் ஜெபக்கூட்டம் ஒன்றே மருந்து என்று நம்புகிறவள். "பிள்ளைகிட்ட ஏதோ ஒண்ணு இருக்கு. அது அடங்கணும்" என்று ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே நான்கு பேர் பிள்ளையைத் தரையில் படுக்கவைத்துக் கையையும் காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். முரண்டு அடங்கும் வரை விடக்கூடாதாம். கொஞ்ச நேரம் திமிறினாள். பிறகு துணிபோலத் துவண்டு, கையை அழுத்திக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துச் சிரித்து, "அங்கிள், தண்ணி" என்றாள். "அடங்கிருச்சு, அடங்கிருச்சு" என்று அவர்கள் பாட ஆரம்பித்தார்கள். பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இப்படி அழுத்திப் பிடிப்பதையே வைத்தியம் என்று செய்தவர்கள் படித்தவர்களிலும் இருந்தார்கள், அதனால் பிள்ளைகள் கெட்டுத்தான் போனார்கள் என்று தொண்ணூறுகளில் ஒரு பத்திரிகையில் படித்தேன். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்தச் சிரிப்பு சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. நாத்தனாரோடு அன்றோடு பேச்சு நின்றது. எனக்கு அது நஷ்டமில்லை.

நவம்பரில் ஒரு சாயங்காலம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் வாங்கப் பிள்ளையின் கையை விட்டேன். திரும்பினால் இல்லை. நான் போட்ட கூச்சலில் கூட்டம் கூடியது. டைம் கீப்பரிடம் போய், கண்டக்டர்களை விசாரித்து, என் கணவருக்கு ஆள் அனுப்பி, மூன்று மணி நேரம். கடைசியில் ஒரு கண்டக்டர், சிவப்புக் கவுன் போட்ட பிள்ளை ஒரு பூக்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு நசரத்பேட்டையில் இறங்கியது என்றார். வீடு வீடாகத் தேடிப் போனோம். ஓலை வீட்டு வாசலில் உட்கார்ந்து தயிர்ச் சோறு தின்றுகொண்டிருந்தாள்.

பூக்காரம்மா பதறிப்போய் எழுந்தாள். "நான் இஸ்துகினு வர்லமா. 'அம்மா, உங்கூட்டுக்குப் போலாமா'ன்னு அதுவா கைய புட்ச்சிகினு வந்துச்சு. யாரும் இல்லாத கொயந்தயோன்னு நெனச்சேன். காலைல போலீஸாண்ட இட்டுனு போலாம்னு இருந்தேன்."

பிள்ளை என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பூக்காரம்மாவிடம் என்னைக் கைகாட்டிச் சொன்னாள்:

"இவங்களும் எனக்கு அம்மாதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவரிடம் சொன்னேன், இது நமக்கு வேண்டாம், கொண்டு போய் விட்டுவிடலாம் என்று. பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழும் என்று தெரிந்துதான் சொன்னேன். என் கணவர் அதிகம் பேசாதவர். "மே மாசம் வரைக்கும் டைம் இருக்கு. ஒரு டாக்டரப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். சரி, பார்த்துவிட்டே விட்டுவிடலாம் என்றேன்.

பட்டணத்துக்குள் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் பிரிவு இருந்தது. பின்கட்டில், லாண்டரி ரூமுக்குப் பக்கத்தில். அங்கே இருந்த அம்மாள் ஊசி மருந்து டாக்டர் இல்லை, பேசிப் பார்த்து வைத்தியம் செய்கிறவர். ஐம்பது வயசிருக்கும். ஓயாத இருமல். ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பிள்ளை விளையாடுவதைப் பார்த்தார், எங்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அப்புறம் கேட்டார், "மடத்துல இவள யார் வளத்தாங்க?"

சிஸ்டர்கள் என்றேன்.

"எந்த சிஸ்டர்? ஒருத்தங்களா? பத்துப் பேரா? மாறிட்டே இருந்தாங்களா?"

தெரியாது என்றேன்.

"வீட்டுக்கு மாடு வாங்கினாக்கூட விசாரிப்பீங்க" என்றார்.

எனக்கு அந்த அம்மாவை அந்த நிமிஷமே பிடிக்காமல் போயிற்று. ஆனால் அவர் சொன்னதை வேறு யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆயா, அந்த ஆயாவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறினால், யாரை நம்பி ஒரு பிள்ளை அழும்? அழுது பிரயோஜனமில்லை என்று கைக்குழந்தையிலேயே தெரிந்துகொண்டுவிடும். யார் வந்தாலும் சிரித்தால் ஒரு வாய் கூடக் கிடைக்கும், அதையும் தெரிந்துகொள்ளும். "இதப் பாசம்னு நெனச்சு ஊரே கொஞ்சுது. இது பாசம் இல்லம்மா, பொழைக்கிற வழி" என்றார். இதற்குப் பற்றுதல் கோளாறு என்று ஒரு பெயர் இருப்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை, வேலையைச் சொன்னார்.

சோறு, தண்ணீர், குளியல், தலை வாருவது, காயத்துக்கு மருந்து, எல்லாம் ஒரு கைதான் செய்ய வேண்டும், என் கை. கணவர் ஒத்தாசை செய்யலாம். மற்ற யாரிடம் போய் எது கேட்டாலும் "உங்கம்மாவைக் கேள்" என்று திருப்பி அனுப்ப வேண்டும். வெளியே போனால் பிள்ளை பார்க்காத நேரமாக நழுவக் கூடாது, சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும். மடத்துக்கு அனுப்புவேன் என்ற பேச்சை விளையாட்டுக்கும் எடுக்கக் கூடாது. தப்பு செய்தால் வேறு அறையில் தள்ளக் கூடாது, பக்கத்திலேயே உட்கார வைக்க வேண்டும். தினமும் கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து அவள் சொல்லும் விளையாட்டை விளையாட வேண்டும், நான் எதையும் சொல்லித் தரக் கூடாது. தலையணைக்குள் இட்லி ஒளித்தால் திட்டாமல், ராத்திரி ஒரு டப்பாவில் பிஸ்கட் போட்டு, இது உன்னுடையது என்று தலைமாட்டில் வைக்க வேண்டும்.

"எத்தன நாளைக்கு?" என்றேன்.

"வருஷக் கணக்கில் ஆகும். முழுசா சரியாகும்னும் சொல்ல முடியாது."

"எனக்கு மே மாசம் வரைக்கும்தான் இருக்கு."

"அது உங்க கணக்கு. அவளுக்கு அந்தக் கணக்கு தெரியாது" என்று அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

சம்பளமில்லாத லீவு போட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்ச் பூட்டும் கம்பெனியில் எனக்கு வேலை. சூப்பர்வைசர் முறைத்தான், முறைக்கட்டும் என்று வந்துவிட்டேன். மறுநாள் காலை தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டில் ஆரம்பித்தேன்.

"அக்கா, இனிமே யாரும் என் பிள்ளைக்குச் சோறு போடாதீங்க. தூக்காதீங்க, தலை வாராதீங்க. எது கேட்டாலும் என்கிட்ட அனுப்பிடுங்க."

அவள் மாட்டுக்குப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "ஏன், நாங்க இன்னா வெசமா வெக்கிறோம்?"

"டாக்டர் சொன்னாங்க."

"எந்த டாக்டரு கொயந்தைக்கு சோறு போடாதேன்னு சொல்வான்? இன்னாமே கத உட்ற?" பிறகு குரல் மாறியது. "ஓ. எங்க கையால துன்னா தீட்டா? இத்தினி நாள் துன்னுச்சே, அப்ப தெரீலயா?"

இது வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். கூலி வேலையிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து ஒரு தலைமுறைதான் ஆன தெரு அது. அங்கே ஒரு வீட்டுச் சோற்றை வேண்டாம் என்று சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. என் தாத்தாவும் அவள் தாத்தாவும் ஒரே சேற்றை மிதித்தவர்கள், என் தாத்தா ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார், வேறு வித்தியாசம் கிடையாது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அப்படிக் கேட்டதில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீங்க எப்படி வேணா நெனச்சிக்கங்க, சோறு மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். நான் பத்தாவது வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. கடைசி நான்கு வீட்டில் கதவே திறக்கவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய பலகாரத் தட்டுகள் மூடிய துணி கலையாமல் திரும்பி வந்தன. குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். பிள்ளையோ எல்லார் வீட்டு வாசலிலும் போய் நின்று "அம்மா, பசிக்குது" என்றாள். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குக் கேட்கும்படி என்னைத் திட்டினார்கள். ராட்சசி என்றார்கள். மலடிக்கு எங்கே தெரியும் என்றார்கள். எல்லாம் காதில் விழுந்தது. இன்று வரை எந்த வீட்டிலிருந்து எந்தச் சொல் வந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

பொங்கல் கழிந்து ஒருநாள் எதிர்வீட்டக்கா செய்ததுதான் உச்சம். பிள்ளை அவள் மாட்டுக் கொட்டகையில் நின்றிருக்கிறாள். அக்காவுக்கு அது விளையாட்டு. என் மேல் இருந்த காய்ச்சலும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். எல்லாப் பிள்ளைகளிடமும் நாம் சொல்கிற கேலியைச் சொல்லியிருக்கிறாள்: "உன்ன உங்கம்மா தவுட்டுக்கு வாங்கினாங்கடீ, தெரீமா?"

என்னிடம் என் அம்மா சொன்னது, உங்களிடம் உங்கள் அம்மா சொன்னது. கேட்ட பிள்ளை உதட்டைப் பிதுக்கி அழும், எல்லாரும் சிரிப்பார்கள், அப்புறம் வாரி அணைத்துக்கொள்வார்கள். இவள் அழவில்லை. "எவ்ளோ தவுடு?" என்று கேட்டாள். ஒரு படி என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மறுநாள் மத்தியானம் பிள்ளை தன் டிபன் பாக்ஸில் மாட்டுத் தொட்டியிலிருந்து தவிடு அள்ளி அடைத்து எடுத்துப்போய் அக்காவின் முன்னால் நீட்டி, "இந்தா தவுடு. இத எங்கம்மாவாண்ட குட்த்துட்டு என்னிய நீ வாங்கிக்கிறியா?" என்றாள்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். குழாயடியில் சொன்னாள், ரேஷன் க்யூவில் சொன்னாள். எனக்குத் தெரிந்ததே மூன்றாம் ஆள் சொல்லித்தான். நான் நேரே போய் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து வராத வார்த்தையெல்லாம் பேசினேன். "உன் பிள்ளைங்களுக்கு அது கேலி. இதுக்கு அது நிஜம். விக்கலாம் வாங்கலாம்னுதான் இது தன்னப் பத்தி நெனச்சிட்டு இருக்கு. உனக்குச் சிரிப்பா வருதா?" என்று கத்தினேன். அவளும் பதிலுக்குப் பேசினாள். ஆனால் அவள் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனதைப் பார்த்தேன். அதற்காக நான் இரக்கப்படவில்லை.

நானும் அவளும் பேசுவது அன்றோடு நின்றது. எனக்குத் தெரியாமல் அவள் மட்டும் போட்டுவந்த சோறும் நின்றது. அது ஒரு லாபம்.

அந்தக் கால் மணி நேர விளையாட்டைப் போல அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. பஸ் விளையாட்டு. அவள் டிரைவர், நான் பயணி. ஏறுவேன், இரண்டு நிமிஷத்தில் "ஸ்டாப்பிங் வந்துச்சு, எறங்கு" என்பாள். மறுபடி ஏறுவேன், மறுபடி இறக்கிவிடுவாள். ஒரு மாதம் தினமும் என்னை இறக்கிவிட்டாள். முட்டி வலிக்கும். உள்ளே உலை கொதித்து வழியும். பிறகு பாயில் வேண்டுமென்றே ஒன்றுக்குப் போக ஆரம்பித்தாள். என் கைக்கடிகாரத்தைக் கல்லால் நசுக்கினாள். ஆஸ்பத்திரி அம்மாவிடம் போய்ச் சொன்னால், "நல்லது. எது செஞ்சா அனுப்பிடுவீங்கன்னு பாக்குறா. இத்தன நாள் அதக்கூடப் பாக்கல" என்றார். கடிகாரம் என்னுடையது, நல்லது என்று சொல்வது அவருக்குச் சுலபம். நசுங்கிய கடிகாரத்தோடு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன். மடம் என்ற சொல்லை வாயிலிருந்து எடுக்கவில்லை. நினைக்காமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மார்ச்சில் லீவு தீர்ந்து வேலைக்குப் போனேன். காலை ஷிப்டு. கணவர் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார், மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் நான் நிற்பேன். தினமும் காலையில் தூங்குகிறவளை எழுப்பி, "மூணு மணிக்கு வாசல்ல நிப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்படுவேன். தினமும் நின்றேன். அவள் அதே சிரிப்போடு வருவாள், ஐஸ்காரனுக்குக் கொடுத்த அதே சிரிப்பு. ஏப்ரல் ஆயிற்று. என்னால் முடியவில்லை. மாதாக் கோயில் ஆபீஸிலிருந்து மடத்துக்குப் போன் செய்து, ஒத்து வரவில்லை, சனிக்கிழமை வந்து அழைத்துக்கொள்ளுங்கள் என்று மதரிடம் சொல்லிவிட்டேன். கணவரிடம் அப்புறம்தான் சொன்னேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். பிள்ளையிடம் நாங்கள் சொல்லவில்லை.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை மத்தியானம் நான் வந்த பஸ் திருமுல்லைவாயலில் பழுதாகி நின்றுவிட்டது. அடுத்த பஸ் கிடைத்து, ஆவடியில் மாறி, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது நாலரை. கேட் பூட்டியிருந்தது. பிள்ளை தெருப் பசங்களோடு போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். சனிக்கிழமை போகப்போகிற பிள்ளைதானே, ஒருநாள் தாமதமானால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஓடினேன்.

தண்ணி லாரி வந்துபோன ஈரம் தெருவில் இன்னும் காயவில்லை. எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். விலக்கிக்கொண்டு போனேன். பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்துப் பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தாள். லாரிக் கூட்டத்தில் யாருடைய எவர்சில்வர் குடமோ இடித்து நெற்றி பிளந்திருந்தது. ரத்தம் மூக்கின் மேல் வழிந்து இறங்கிக் கவுனெல்லாம் நனைந்திருந்தது. சுற்றிப் பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள். ஒருத்தி கூடப் பிள்ளையைத் தொடவில்லை. எல்லாருக்கும் முன்னால் எதிர்வீட்டக்கா, கையை மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்கள்லாம் பொம்பளைங்களா?" என்று கத்தினேன். "என் மேல இருக்கிற ஆத்திரத்தப் பிள்ளை மேலயா காட்டுவீங்க? ரத்தம் கொட்டுது, வேடிக்க பாத்துட்டு நிக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

எதிர்வீட்டக்கா மூன்று மாதம் கழித்து என்னிடம் வாயைத் திறந்தாள். கட்டியிருந்த கையைப் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். முழங்கைக்குக் கீழே முழு வட்டமாகப் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓட்லாம்னுதான் போனேன். கட்ச்சிட்டா. தோ நிக்கிறாளே, இவ போனா, இவள வயித்துல ஒதச்சா. தண்ணி குட்த்தா தட்டி உட்றா. 'எங்கம்மா வருவாங்க, நீ தொடாத, எங்கம்மா வருவாங்க'ன்னு அர அவரா தொண்ட கிய்ய கத்திகினு கீறா. உன் இஷ்டப்படி நாங்க சோறு போடல. இப்ப ரத்தம் வந்தாகூட தொட உட மாட்டேன்றா. சந்தோஷமா ஒனக்கு?"

அப்போதுதான் பிள்ளை என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பத்து மாதத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எழுந்து வந்து இரண்டு கையையும் முட்டியாக்கி என் வயிற்றில் குத்தினாள். "மூணு மணின்னு சொன்ன! மூணு மணின்னு சொன்ன!" என்று குத்திக் குத்தி, பிறகு என் புடவையை வாயில் கவ்விக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுகை எப்படி இருக்கும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. அசிங்கமான, கரகரத்த அழுகை.

"கேக்குறேன்ல? சந்தோஷமா?" என்றாள் எதிர்வீட்டக்கா மறுபடியும்.

"ஆமா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியம்டீ நீ" என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து வரச்சொல்லித் தன் மூத்த மகனை விரட்டினாள்.

ஆவடியில் ஒரு கிளினிக்கில் ஐந்து தையல் போட்டார்கள். நர்ஸ் தூக்கப் போனாள், அவளுக்கும் கடி கிடைத்தது. நானே மடியில் வைத்துக்கொண்டு, தலையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தையலுக்கும் ஊரைக் கூட்டினாள். முடிந்ததும் கம்பவுண்டரிடம் கேட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மடத்துக்குப் போன் செய்தேன். மதர் எடுத்தார். சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார்.

"வர வேண்டாம் மதர்" என்றேன். "எல்லாரையும் கடிக்கிறா. நாங்களே வெச்சிக்கிறோம்."